நாயகன் இல்லாத சங்கீதம்

ஒரு பாட்டு காதில் விழுந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "யார் பாடினது?" என்பதுதான். பக்கத்தில் வாசித்தவர்கள் யார், தாளம் போட்டவர் யார் என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். விருந்து ருசியாக இருந்தால் பரிமாறியவருக்குப் பாராட்டு கிடைக்கும். உள்ளே அரைத்தவளையும் கரைத்தவளையும் யாரும் நினைப்பதில்லை. உலக வழக்கம் அப்படி!

இந்த வழக்கத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம் என்று எண்ணி, 1980-ம் ஆண்டில் நாலு பேர் அமெரிக்காவிலிருந்து பஹாமா தீவுக்குப் போனார்கள். மூவர் ஆண்கள், ஒருவர் பெண். யாருமே நாயகனாக இல்லாமல், எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சங்கீதம் செய்வது என்பது அவர்களுடைய சங்கல்பம். அதன் பலனாக அந்த வருஷம் அக்டோபர் மாதம் வெளிவந்த இசைத்தட்டுக்கு "ரிமெய்ன் இன் லைட்" என்று பெயர். "ஒளியிலேயே இரு" என்று பொருள் சொல்லலாம். எட்டே பாட்டு, சுமார் நாற்பது நிமிஷம்.

மேல்நாட்டு மெல்லிசையில் அதற்குப் பின் வந்தவர்கள் பலரும் அந்தத் தட்டுக்குக் கடன்பட்டவர்கள். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2017-ம் ஆண்டு அதையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் சங்கல்பம் பலித்ததா? அதுதான் கதை.

நாலு பேர்

அவர்களுடைய கோஷ்டிக்கு "டாக்கிங் ஹெட்ஸ்" என்று பெயர். பாடகர் டேவிட் பைர்ன் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கூச்சமும் படபடப்பும் நிறைந்த மனிதர். அவரும், மத்தளக்காரர் கிறிஸ் ஃப்ரான்ட்ஸும், ஃப்ரான்ட்ஸின் காதலி டினா வேமவுத்தும் ரோட் ஐலண்டு சித்திரக் கல்லூரியில் படித்தவர்கள். பிற்பாடு நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோஷ்டிக்கு 'பாஸ்' கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. மந்தர ஸ்தாயியில் கும்கும்மென்று ஒலிக்கும் நாலு தந்தி வாத்தியம் அது. "நீயே கற்றுக்கொள்ளேன்!" என்றார் ஃப்ரான்ட்ஸ். டினா கற்றுக்கொண்டார். 1975-ம் ஆண்டு நியூயார்க்கில் 'ஸி.பி.ஜி.பி.' என்ற சின்னஞ்சிறு விடுதியில் முதல் கச்சேரி நடந்தது. இசைத்தட்டுக் கம்பெனியுடன் ஒப்பந்தமான பிறகும், பைர்ன் தம்மை மறுபடியும் பரீட்சை வைத்துத்தான் சேர்த்துக்கொண்டார் என்று டினா பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1977-ல் ஃப்ரான்ட்ஸும் டினாவும் மணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்ரி ஹாரிஸன் என்ற நான்காவது ஆள் வந்து சேர்ந்தார்.

'பாஸ்' வாசிப்பவரைச் சபையோர் கவனிப்பதில்லை. ஆனால் அந்த ஒலி ஒரு கணம் நின்றால், பாட்டுக்கு அடியில் தரையே இல்லாமல் போன மாதிரி இருக்கும். இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் நாம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போதும். வீடு தானே சொல்லிவிடும்!

மூன்று தட்டுகள் வெளிவந்தன. பேரும் கிடைத்தது. ஆனால் பத்திரிகைகளும் ரசிகர்களும் பைர்ன் ஒருவரையே கோஷ்டியாக எண்ணிக் கொண்டாடினார்கள். பைர்னின் பிடியும் இறுகுவதாக மற்றவர்களுக்குத் தோன்றியது. 1980 பிறந்தபோது கோஷ்டி கலைந்துவிடும் நிலை. ஃப்ரான்ட்ஸும் டினாவும் மனம் சோர்ந்து கரீபியன் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். போன இடத்தில் ஹெய்ட்டி நாட்டுப் பூஜை முரசுகளின் தாளக்கட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. பஹாமாவின் நாஸோ நகரில் 'காம்பஸ் பாயிண்ட்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தின் அருகில் ஒரு ஜாகையும் வாங்கினார்கள்.

லாகோஸிலிருந்து வந்த தட்டு

இதே சமயம் பைர்னுக்கும் வேறு வழியாக ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தது. கோஷ்டியின் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர், அவருக்கு ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். நைஜீரியாவைச் சேர்ந்த ஃபெலா குட்டி 1973-ல் வெளியிட்ட "ஆஃப்ரோடிஸியாக்" என்ற தட்டு அது.

ஃபெலா குட்டியின் கதை தனிப் புத்தகமாகும். 1938-ல் அபியோகுடா என்ற ஊரில் பிறந்தவர். லண்டனில் முறையாகச் சங்கீதம் படித்தவர். அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ், ஃபங்க் இரண்டையும் மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்களோடு கலந்து 'ஆஃப்ரோபீட்' என்ற புதுச் சங்கீதம் படைத்தார். நீண்ட நேரம் ஓடும் பாட்டுக்கள். ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே விட்டெறியும் கேள்விகள்!

அந்தத் துணிவு தாயாரிடமிருந்து வந்தது. அவர் ஃபுன்மிலாயோ ரான்ஸம்-குட்டி. அபியோகுடாவின் சந்தைப் பெண்களைத் திரட்டி, பெண்கள்மீது விதித்த வரியை எதிர்த்துப் போராடியவர். அந்தப் போராட்டத்தால் உள்ளூர் அரசர் 1949-ல் சிம்மாசனத்தை விட்டே இறங்க நேர்ந்தது. 1977-ல் ராணுவத்தினர் மகன் வீட்டைச் சூறையாடியபோது, முதிய வயதிலிருந்த அந்த அம்மையாரை ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். மறு ஆண்டு அவர் காலமானார். இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த ஃபெலா, அதே 1978-ல் ஒரே நாளில் இருபத்தேழு பெண்களை மணந்துகொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய மனிதர்களின் முரண்பாடும் பெரிதாகத்தான் இருக்கிறது.

அந்தச் சங்கீதத்தில் என்ன விசேஷம்? இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவது தெரியுமல்லவா? ஒருத்தியின் உலக்கை மேலே போகும் நேரம்தான் மற்றவளுடையது கீழே இறங்க இடம். அவரவர் அடி தனித்தனி. கேட்கிற தாளமோ ஒன்று. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களும் அப்படித்தான் தானியம் குத்துகிறார்கள். அவர்களுடைய முரசுகளும் அப்படித்தான் பேசுகின்றன. ஒரு முரசை மட்டும் தனியே கேட்டால் அரைகுறையாக இருக்கும். அடுத்தது வந்து அந்த இடைவெளியில் புகுந்தால்தான் அர்த்தம் பிறக்கும். ஃபெலாவின் கோஷ்டியில் கிட்டாரும் எக்காளமும்கூட இப்படி முரசு போலவே நடந்துகொள்ளும். சின்னஞ்சிறு சங்கதி ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வாசிப்பார்கள்.

தீவில் நடந்தது

சிதறிக் கிடந்த நாலு பேரும் மறுபடி கூடி வாசித்துப் பார்த்தார்கள். "இனி 'நான்' என்பதை விட்டுவிடுவோம், ஒத்துழைப்பே முக்கியம்" என்று தீர்மானித்ததாக பைர்ன் பின்னர் கூறினார். ஈனோ முதலில் தயங்கினார். ஒத்திகைப் பதிவுகளைக் கேட்டதும் தயக்கம் பறந்தது. ஐவரும் நாஸோவில் கூடினார்கள்.

வழக்கமாகப் பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் ஒலிப்பதிவுக்குப் போவார்கள். இவர்களோ கையில் ஒரு பாட்டும் இல்லாமல் போனார்கள்! ஒருவர் ஒரு சங்கதியைத் தொடங்குவார். மற்றவர் அதில் விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்துத் தம் சங்கதியைப் புகுத்துவார். இப்படி நிமிஷக்கணக்கில் நாடாவில் பதிவாகும். பிறகு அதைப் போட்டுக் கேட்டு, "இந்த இடம் ஜோர்!" என்று பொறுக்கி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரிடம் சொன்னால் அது ஒரு துண்டை ஆயிரம் தடவை சலிக்காமல் ஒலிக்கும். அன்று மனிதக் கைகளே அந்த வேலையைச் செய்தன. அதனால்தான் அந்தப் பாட்டுக்களில் திரும்ப வரும் சங்கதியும் இயந்திரமாக ஒலிக்காமல் உயிரோடு ஒலிக்கிறது.

சில பாட்டுக்களில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே ஸ்வரக் கூட்டுத்தான். மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஸ்வரக் கூட்டு மாறினால்தான் பல்லவி முடிந்தது, சரணம் வந்தது என்று தெரியும். அது மாறாதபோது என்ன செய்வது? ஒலிப்பதிவு மேஜைமுன் உட்கார்ந்து, சில வாத்தியங்களை அடக்கினார்கள், சிலவற்றைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் இரண்டு பேர் சட்டென்று மௌனமானால் பேச்சின் போக்கே மாறுகிறதல்லவா? அதே தந்திரம்தான்.

ஒரு பாட்டில் வேடிக்கை ஒன்று நேர்ந்தது. தாளத்தின் எடுப்பு எங்கே என்பதில் ஈனோவுக்கும் மற்றவர்களுக்கும் கணக்கு வேறுபட்டது. அவர் ஓரிடத்தில் 'ஒன்று' எண்ணினார்; அவர்கள் வேறிடத்தில் எண்ணினார்கள். திருத்தவில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கேட்பவருக்குக் காலடியில் தரை லேசாக ஆடுகிற உணர்ச்சி வருவதற்கு அதுவும் காரணம். அதுதான் உலகப் புகழ் பெற்ற "ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்".

வார்த்தைகள் வந்த வழி

வாத்தியம் தயார், வார்த்தைகள் இல்லை. பைர்னுக்கு எழுதவே ஓடவில்லை. அர்த்தமில்லாத ஒலிகளைப் பாடிப் பாடி மெட்டுக்களைப் பிடித்தார். வானொலியில் உரத்த குரலில் போதனை செய்யும் பாதிரிமார்களின் பேச்சைக் கேட்டார். அவர்கள் பேசுகிற ஏற்ற இறக்கமே ஒரு பாட்டு என்று அவருக்குப் பட்டது.

"ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்" பாட்டில் அந்தப் பிரசங்கத் தொனிதான் கேட்கிறது. நடுவயது வந்த ஒருவன் திடீரென்று கண்ணைத் திறந்து பார்க்கிறான். வீடு இருக்கிறது, கார் இருக்கிறது, மனைவி இருக்கிறாள். எல்லாம் சரிதான், ஆனால் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று திகைக்கிறான். பரிகாசமாக ஆரம்பிக்கிற பாட்டு, கேட்கக் கேட்க நம்மையே கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன காப்பியோடு உட்காரும் பத்து மணிக்கு இந்தக் கேள்வி பெண்களுக்கும் வராமல் இல்லை.

"தி கிரேட் கர்வ்" பெண்ணையே பிரபஞ்ச சக்தியாக வைத்துப் பாடும் பாட்டு. அதில் நாலைந்து குரல்கள் வெவ்வேறு வரிகளை ஒரே சமயத்தில் பாடுகின்றன. நோனா ஹென்ட்ரிக்ஸ் என்ற கறுப்பினப் பாடகி குரல் கொடுத்திருக்கிறார். "ஸீன் அண்ட் நாட் ஸீன்" பாட்டே அல்ல, பேச்சு. விரும்பிய முகத்தை மனத்தில் நினைத்துக்கொண்டே இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக முகம் அப்படியே மாறிவிடும் என்று நம்பும் ஒருவனைப் பற்றியது. கடைசிப் பாட்டான "தி ஓவர்லோட்" மெதுவாக, இருண்ட மேகம்போல் நகர்கிறது. இங்கிலாந்தின் 'ஜாய் டிவிஷன்' கோஷ்டியின் பாட்டைக் கேட்காமலே, அதைப்பற்றிப் பத்திரிகைகளில் வந்ததை மட்டும் படித்துவிட்டு, இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துச் செய்தார்களாம்!

நாலு பேர் ஒன்பது பேரானது

இத்தனை அடுக்கு உள்ள சங்கீதத்தை மேடையில் நாலு பேர் எப்படி வாசிப்பது? ஆட்களைச் சேர்த்து ஒன்பது பேராக்கினார்கள். ஃபங்க் உலகத்தின் மேதை பெர்னி வோரல் வந்தார். கிட்டாரை யானைபோல் பிளிற வைக்கும் ஏட்ரியன் பெலூ வந்தார். இரண்டாவது 'பாஸ்' வாசிக்க பஸ்டா ஜோன்ஸ், தாளத்துக்கு ஸ்டீவ் ஸ்கேல்ஸ், பாட்டுக்கு டோலெட் மக்டொனால்ட். 1980 ஆகஸ்டில் கானடாவின் டொரான்டோ அருகே பெருங்கூட்டத்தின் முன்னால் முதல் கச்சேரி நடந்தது. வெள்ளையர் சங்கீதம், கறுப்பர் சங்கீதம் என்று வானொலி நிலையங்கள்கூடப் பாகம் பிரித்து வைத்திருந்த நாட்டிலிருந்து, இருசாராரும் தோளோடு தோள் நின்று வாசிக்கும் ஒரு கோஷ்டி புறப்பட்டிருந்தது.

தட்டின் அட்டையையும் சொல்ல வேண்டும். அதைத் திட்டமிட்டவர்கள் டினாவும் ஃப்ரான்ட்ஸும். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவியோடு கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். அன்று அது பெரிய புதுமை. நால்வர் முகங்களின்மீதும் சிவப்பு வர்ணம் முகமூடிபோல் பூசியிருக்கிறது. பின்பக்கம் சிவப்புப் போர் விமானங்கள் பறக்கின்றன. கடற்படை அதிகாரியாக இருந்த தம் தந்தைக்கு டினா செலுத்திய மரியாதை அது.

பெயர் யாருக்கு?

இனி அந்தச் சங்கல்பத்தின் கதி. பாட்டுக்களை இயற்றியவர்கள் என்று ஐவர் பெயரையும் அகர வரிசையில் போடுவதாகத்தான் பேச்சு. தட்டு அச்சாகி வந்ததும் பார்த்தால், "டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ்" என்று இருந்தது! இருவருக்குத் தனிப்பெயர், மற்றவர்கள் கோஷ்டிப் பெயருக்குள் மறைந்தார்கள். ஃப்ரான்ட்ஸும் டினாவும் எவ்வளவு புண்பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 'நான்' வேண்டாம் என்று செய்த சங்கீதத்திலேயே 'நான்' வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த பதிப்புகளில்தான் ஐவர் பெயரும் முழுதாக இடம்பெற்றன.

டினா அழுதுகொண்டு உட்காரவில்லை. மறு வருஷமே கணவரோடு சேர்ந்து 'டாம் டாம் கிளப்' என்ற கோஷ்டியைத் தொடங்கினார். தம் சகோதரிகளையும் பாட வைத்தார். அதே நாஸோவில் பதிவான அவர்களுடைய "ஜீனியஸ் ஆஃப் லவ்" அமெரிக்காவெங்கும் நடன சாலைகளில் முழங்கியது. பிற்பாடு பலர் அதன் தாளத்தைத் தங்கள் பாட்டுக்கு அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அமெரிக்க இளைஞர்கள் ஆப்பிரிக்கரின் சொத்தை எடுத்து அனுபவித்தார்கள் என்று ஆகாதா? நியாயமான கேள்வி. ஃபெலாவின் மெட்டு எதையும் அவர்கள் எடுக்கவில்லை. வாசிக்கும் முறையைக் கற்றார்கள். கற்றதை மறைக்கவும் இல்லை. தட்டு வெளியானபோது பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பிய குறிப்பில், பைர்ன் ஒரு புத்தகப் பட்டியலையும் சேர்த்திருந்தார். கானா நாட்டில் முரசு கற்ற ஜான் மில்லர் செர்னாஃப் என்பவர் ஆப்பிரிக்கத் தாளத்தைப் பற்றி எழுதிய நூல் அதில் ஒன்று. விளம்பரத்தோடு பாடப் புத்தகமா என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். "இது என் மூளையில் முளைத்ததல்ல" என்று சொல்லுகிற கலைஞர்கள் எத்தனை பேர்? ஆனாலும், கௌரவமும் காசும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்ற கேள்வி அந்தப் பட்டியலால் தீர்ந்துவிடவில்லை.

பிறந்த வீட்டுக்கு வந்த பாட்டு

அதற்கு ஒரு விதத்தில் பதில் சொன்னவர் ஒரு பெண். பெயர் ஆஞ்செலிக் கிஜோ. நைஜீரியாவுக்கு அடுத்த பெனின் நாட்டில் 1960-ல் பிறந்தவர். அங்கே நடந்த சர்வாதிகார ஆட்சிக்குத் தலைவணங்க மனமில்லாமல் 1983-ல் பாரிஸுக்குத் தப்பி வந்தார். அங்கே ஒரு நாள் "ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்" அவர் காதில் விழுந்தது. "இது எங்கள் ஆப்பிரிக்கப் பாட்டு அல்லவா!" என்றார். கூட இருந்தவர்கள் அது மேல்நாட்டு 'ராக்' சங்கீதம் என்று சாதித்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் சாயல் தெரியாதா?

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த எண்ணம் அவர் மனத்தில் ஊறிக்கொண்டிருந்தது. 2018-ல் அந்த எட்டுப் பாட்டுக்களையும் தாமே பாடி ஒரு தட்டாக வெளியிட்டார். தம் நாட்டு மொழிகளில் வரிகளைச் சேர்த்தார். ஃபெலா குட்டிக்கு ஆண்டுக்கணக்கில் மத்தளம் வாசித்த டோனி ஆலனையே அழைத்து வாசிக்கச் செய்தார். கடன் கொடுத்த வீட்டின் மருமகள், போன பண்டத்தைச் சீர் வரிசையோடு திரும்ப அழைத்து வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டாக்கிங் ஹெட்ஸ் கோஷ்டி 1991-ல் கலைந்துவிட்டது. பல வருஷம் ஒருவரோடொருவர் சரியாக முகங்கொடுத்துப் பேசவில்லை. 2023-ல் அவர்களுடைய பழைய கச்சேரிப் படமான "ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்" மறுபடி திரைக்கு வந்தபோது, தலை நரைத்த நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பேசியதைப் பார்த்து ரசிகர்கள் பூரித்தார்கள்.

அந்தத் தட்டை இன்று கேட்பது சுலபம், கைப்பேசியிலேயே கிடைக்கிறது. முதல் தடவை கேட்டால் ஒரே இரைச்சலாகத் தோன்றலாம். விட்டுவிடாதீர்கள். இரண்டாம் தடவை, பாடகர் குரலை ஒதுக்கிவிட்டு, அடியில் கும்கும்மென்று நடக்கும் டினாவின் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து போங்கள். மூன்றாம் தடவை, அதன் இடைவெளிகளில் யார் யார் வந்து நுழைகிறார்கள் என்று கவனியுங்கள். ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு வழிவிட்டு நிற்பது தெரியும். அப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் "யார் பாடினது?" என்பதோடு நிறுத்த உங்களுக்கு மனம் வராது. "வாசித்தது யார் யார்?" என்றும் கேட்பீர்கள்.